ஓராண்டு மூடி வைத்த தொட்டி

பேருந்து நிலையக் கழிப்பறை வாசலில் சில்லறையை வைத்துவிட்டு உள்ளே போவதுதான் நம் ஊர் வழக்கம். திருச்சி மாவட்டம் முசிறியின் சாலியர் தெருவில் 2006இல் திறக்கப்பட்ட பொதுக் கழிப்பறை இந்த வழக்கத்தைத் தலைகீழாக்கியது. உள்ளே போய்வந்தவருக்கு ஒரு முறைக்கு 10 காசு என்று கணக்கெழுதிப் பணம் கொடுத்தார்கள். மலத்தையும் சிறுநீரையும் தனித்தனியாகச் சேர்த்து, நோய்க்கிருமி ஒழிந்த பிறகு வயலுக்குத் திருப்பி அனுப்பும் எகோசான் கழிப்பறை அது. பேரூராட்சியோடு சேர்ந்து அதை உருவாக்கியது மராச்சி சுப்புராமன் நடத்தும் 'ஸ்கோப்' என்ற தொண்டு நிறுவனம். கிராமப்புறச் சுகாதாரப் பணிகளுக்காக அவருக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

முசிறியில் இது தொடங்கியதற்கு எருவைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. காவிரியின் வடகரையில், குளித்தலைக்கு நேர் எதிரே இருக்கும் ஊர். கொஞ்சம் தோண்டினாலே ஊற்று வந்துவிடும். அங்கே குழி வெட்டிக் கக்கூஸ் கட்டினால் குழிக்குள் தண்ணீர் ஏறும், குழியில் இருப்பது கிணற்றுக்குப் போகும். ஆகவே தரைக்கு மேலே கட்டினார்கள். நாலைந்து படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். காலடியில் அருகருகே இரண்டு செங்கல் தொட்டிகள். மலம் நேரே தொட்டிக்குள் விழும். சிறுநீர் முன்பக்கச் சரிவில் ஓடி, குழாய் வழியாக ஒரு மூடிய பீப்பாய்க்குப் போகும். கால் கழுவத் தனி இடம். அந்தத் தண்ணீர் வெளியே கல்வாழை நட்ட பாத்திக்குப் போகும். ஒவ்வொரு முறையும் ஒரு கை சாம்பலை உள்ளே போட்டு மூடிவிட வேண்டும். ஒரு தொட்டி நிரம்பியதும் அதை அடைத்துவிட்டு அடுத்ததுக்கு மாறுவார்கள். இரண்டாவது நிரம்பும்போதுதான் முதலாவதைத் திறப்பது.

இந்தக் கழிப்பறைகளைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் எருவின் மேன்மையைப் பேசுகின்றன. அதில் இனி நிரூபிக்க வேண்டியது அதிகமில்லை. நம் நாட்டில் இந்தக் கழிப்பறை நிற்பதும் விழுவதும் வேறு இரண்டு கேள்விகளைப் பொறுத்தது என்பது என் துணிபு. தொட்டி எவ்வளவு காலம் மூடியிருந்தது? அதை யார் திறக்கிறார்கள்? மலத்தை மனிதர் கையால் அள்ளும் எடுப்புக் கக்கூஸை நூறாண்டுக்கு மேல் வைத்துக்கொண்டிருந்த ஒரு சமூகத்தில் இந்த இரண்டையும் கேட்காமல் எருவைப் பேசக் கூடாது.

உடம்பு வெளியேற்றும் யூரியா

முதலில் எருக் கணக்கைப் பார்த்துவிடலாம். ஸ்வீடன் வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாகன் யோன்சனும் பியோர்ன் வின்னெரோஸும் 2004இல் ஒரு மதிப்பீடு செய்தார்கள். ஒரு நாட்டு மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதை வைத்து என்ன வெளியேற்றுவார்கள் என்று கணக்கிடும் முறை அது. அதன்படி சராசரி இந்தியர் ஒருவர் ஆண்டுக்கு 2.7 கிலோ நைட்ரஜனை வெளியேற்றுகிறார். அதில் ஏறத்தாழ 2.3 கிலோ சிறுநீரில் போகிறது. பாஸ்பரஸ் மொத்தம் 0.4 கிலோ, அதிலும் முக்கால் பங்கு சிறுநீரில்தான். பொட்டாசியம் ஒன்றரைக் கிலோ, சிறுநீரில் 1.1.

பயிருக்குத் தேவையான சத்தில் பெரும்பகுதி சிறுநீரில் இருக்கிறது. நோய் பரப்பும் கிருமியில் அநேகமாக எல்லாமே மலத்தில் இருக்கிறது. உடம்பு பிரித்தே வெளியேற்றும் இரண்டையும் கலந்து, மேலே பத்து லிட்டர் நல்ல தண்ணீரையும் ஊற்றி, பிறகு அதைச் சுத்திகரிக்கக் கோடிக்கணக்கில் செலவழிப்பதுதான் நகரங்களின் இன்றைய ஏற்பாடு. எகோசானின் அடிப்படை, இந்தக் கலப்பைத் தொடக்கத்திலேயே தவிர்ப்பது.

2.3 கிலோ நைட்ரஜன் என்றால் 5 கிலோ யூரியா. ஐந்து பேர் கொண்ட வீட்டில் ஆண்டுக்கு 25 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டையில் பாதிக்குக் கொஞ்சம் அதிகம். குறுவைக்கும் சம்பாவுக்கும் ரகத்துக்கு ரகம் உரப் பரிந்துரை மாறினாலும், எக்டேருக்கு 150 கிலோ நைட்ரஜன் என்று வைத்துக்கொண்டால் ஏக்கருக்கு 60 கிலோ வேண்டும். ஒரு ஏக்கர் நெல்லின் ஒரு போக நைட்ரஜனுக்கு 26 பேரின் ஓராண்டுச் சிறுநீர் தேவைப்படும். ரசாயன உரத்துக்கு இது மாற்று என்று மேடையில் முழங்குபவர்கள் இந்தக் கணக்கையும் சொல்ல வேண்டும். வீட்டுக் கொல்லையில் நாற்பது வாழைக்கும் நாலு தென்னைக்கும் இது நல்ல மேலுரம். டெல்டாவின் நெல் முழுவதையும் இது தாங்காது.

விலைக் கணக்கு இன்னும் கடுமையானது. முசிறிக் கழிப்பறை திறந்த காலத்தில் மானிய யூரியா கிலோ 5 ரூபாய்க்கும் குறைவு. ஒருவரின் ஓராண்டுச் சிறுநீரிலுள்ள நைட்ரஜனுக்கு அன்றைய சந்தை மதிப்பு 25 ரூபாய்கூட இல்லை. நாளுக்கு இரண்டு முறை வந்துபோனவருக்கோ 10 காசு வீதம் ஆண்டுக்கு 73 ரூபாய் சேர்ந்திருக்கும். ஆக அந்தக் காசு எருவின் விலையாக இருந்திருக்க முடியாது. ஆற்றங்கரைக்குப் போகிறவரைக் கட்டடத்துக்கு வரவழைத்த ஊக்கத்தொகை அது. அந்த அளவில் அது நியாயமான செலவு. ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வராமல் தடுத்தாலே அதைவிட அதிகம் மிஞ்சும்.

ஆனால் மானிய விலை உண்மை விலை ஆகாது. யூரியாவுக்கு எரிவாயு வேண்டும். பொட்டாஷ் உரத்துக்கு இந்தியா இறக்குமதியை நம்பியே இருக்கிறது. பாஸ்பேட் பாறையிலும் நம் தேவையில் பெரும்பகுதி கப்பலில் வருவதுதான். உலகின் பாஸ்பேட் பாறை இருப்பில் ஏறத்தாழ 70 சதவீதம் மொராக்கோவிலும் மேற்கு சகாராவிலும் கிடக்கிறது. நைட்ரஜனையாவது காற்றிலிருந்து பிடிக்கலாம். பாஸ்பரஸுக்கு அப்படி ஒரு வழியே கிடையாது. நாம் தின்னும் சோற்றிலும் பருப்பிலும் இருந்த பாஸ்பரஸ் தினமும் சாக்கடை வழியாக ஆற்றுக்கும் கடலுக்கும் போய், ஏரிகளில் ஆகாயத்தாமரையை வளர்த்துக்கொண்டிருக்கிறது.

சிறுநீரை எருவாக மதிப்பது நம் விவசாயிக்குப் புதிதும் அல்ல. அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுவதற்கு இன்றும் கீதாரிக்குப் பணமோ நெல்லோ கொடுக்கிறார்கள். ராத்திரி முழுக்க ஆடுகள் விடும் புழுக்கைக்கும் மூத்திரத்துக்கும் தரும் கூலி அது. மாட்டு மூத்திரம் பஞ்சகவ்யமாகப் பாட்டிலில் விற்கிறது. மனிதச் சிறுநீரை வாழையிலும் மக்காச்சோளத்திலும் போட்டுப் பார்த்த ஆய்வுகள் தமிழ்நாட்டிலும் பெங்களூருவிலும் நடந்தன. பயிர் அதை யூரியாபோலவே எடுத்துக்கொள்கிறது. மூடிய பீப்பாயில் வைத்தால் யூரியா அமோனியாவாக மாறி, கார அமிலக் குறியீடு 9ஐ ஒட்டி ஏறுகிறது. கிருமியைக் கொல்வது அந்த அமோனியாதான். திறந்து வைத்தால் அமோனியா காற்றில் போய்விடும், நாற்றமும் எடுக்கும், சத்தும் இருக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டுதல்படி, 20 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் ஆறு மாதம் சேமித்த சிறுநீரை எந்தப் பயிருக்கும் இடலாம். ஒரு வீட்டின் சிறுநீர் அதே வீட்டின் தோட்டத்துக்குப் போவதானால் சேமிப்பே தேவையில்லை. கடைசியாக இட்டதற்கும் அறுவடைக்கும் ஒரு மாத இடைவெளி விட்டால் போதும். இலையில் படாமல் வேரோரம் பள்ளம் பறித்து ஊற்றி மண் தள்ளிவிட வேண்டும். உப்பு ஏறிய நிலத்துக்கு இது ஆகாது. நாம் விழுங்கும் மருந்துகளின் மிச்சமும் சிறுநீரில் வருகிறது. அதைச் சாக்கடை வழியாக ஆற்றில் கலப்பதைவிட மண்ணில் விடுவது மேல் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான்.

காலம்தான் மருந்து

மலத்தின் கதை வேறு. தொட்டிக்குள் நடப்பதை மக்குதல் என்று எல்லாரும் சொல்கிறோம். குப்பைமேடு மக்கும்போது உள்ளே கை வைக்க முடியாத சூடு பிறக்கும்; 50 டிகிரிக்கு மேல் ஒரு வாரம் நின்றால் கிருமிகள் செத்துவிடும். வீட்டுக் கழிப்பறைத் தொட்டியில் சேரும் குவியல் சிறியது, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வது. அதில் அந்தச் சூடு எழுவது அரிது. அங்கே கிருமியைக் கொல்வது வறட்சியும் சாம்பலின் காரமும் காலமும். நம் வெப்பத்தில், சாம்பலோ சுண்ணாம்போ போடாவிட்டால், கடைசிக் கழிவு விழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்கு மேல் மூடியிருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கார அமிலக் குறியீடு 9க்கு மேல், ஈரம் 25 சதவீதத்துக்குக் கீழ், வெப்பம் 35 டிகிரிக்கு மேல் என்று மூன்றும் கூடி வந்தால் ஆறு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான காலம் போதும்.

இத்தனை கண்டிப்பு முக்கியமாக உருண்டைப் புழுவின் முட்டைக்காக. ஒரு பெண் புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் முட்டை இடும். ஈர மண்ணில் அந்த முட்டை வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். காலரா, டைபாய்டு கிருமிகள் எல்லாம் செத்த பிறகும் இது சாகாது. இரண்டு தொட்டி வைப்பதே இதற்காகத்தான். ஒன்று பயன்பாட்டில் இருக்கும் காலம் முழுவதும் மற்றது மூடிக் கிடக்கிறது.

வியட்நாமின் அனுபவத்தை இங்கே பார்க்க வேண்டும். இரட்டைத் தொட்டிக் கழிப்பறையை நாடு தழுவிய சுகாதாரத் திட்டமாக 1956இலேயே கொண்டுபோனது வட வியட்நாம். விவசாயிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள், ஏனென்றால் மல எரு அவர்களுக்குப் பழக்கமானது, அருமையானதும்கூட. அரசு விதி ஆறு மாதம் மூடி வைக்கச் சொன்னது. நெல்லோ அதைவிட அடிக்கடி எருக் கேட்டது. அதனால் மூன்று நான்கு மாதத்திலேயே தொட்டியைத் திறந்து வயலில் போட்டவர்கள் பலர். எரு கிடைத்தது, புழுத் தொற்று தொடர்ந்தது. எருவின் மேல் ஆசை அதிகமாக இருந்தால் பாதுகாப்பு குலையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. எகோசானை எருவுக்காக மட்டும் விளம்பரம் செய்பவர்களின் கவனத்துக்கு இதைக் கொண்டுவருகிறேன்.

அடுத்தது தண்ணீர். இந்தக் கழிப்பறையை வளர்த்தெடுத்த ஸ்வீடனில் காகிதத்தால் துடைக்கிறார்கள். கழுவுகிற நம் நாட்டில் அந்த வடிவத்தை அப்படியே கட்டினால், ஒரே வாரத்தில் தொட்டியில் தண்ணீர் தேங்கி, புழு நெளிந்து, தெருவே மூக்கைப் பொத்தும். இதற்குத் தெற்கில்தான் விடை கண்டார்கள். கேரளத்தில் திருவனந்தபுரம் அருகே புல்லுவிளை மீனவக் கிராமத்தில் 1990களின் நடுவில் பால் கால்வர்ட் என்ற பொறியாளர் கட்டிய கழிப்பறைகளில் சிறுநீரும் கழுவும் தண்ணீரும் தொட்டிக்குள் போகாமல் வெளியே செடிப்பாத்திக்குப் போயின. கடலோர மணலில் குழி வெட்ட முடியாத, கிணறு ஆழமில்லாத ஊர் அது. முசிறியில் சிறுநீருக்கும் கழுவும் தண்ணீருக்கும் தனித்தனி வழி வைத்தார்கள். சுனாமிக்குப் பிறகு நாகை மாவட்டம் காமேஸ்வரம் போன்ற கடற்கரை ஊர்களிலும் உலர் கழிப்பறைகள் வந்தன.

கழுவும் தண்ணீரில் மலம் கலந்திருக்கிறது என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். பாத்தியின் அடிப்பகுதி நீர் இறங்காதபடி இருக்க வேண்டும். அதில் கல்வாழை நிற்கலாம், வாழை நிற்கலாம், கீரை போடக் கூடாது. ஊற்று மேலே நிற்கும் நிலத்தில் இந்தப் பாத்தியைச் சரியாகக் கட்டாவிட்டால், குழியைத் தவிர்த்த பயன் அத்தனையும் போய்விடும்.

எடுப்புக் கக்கூஸின் நிழல்

மனித மலத்தை வயலுக்குக் கொண்டுபோனவர்கள் பலர். அமெரிக்க மண்ணியல் அறிஞர் எஃப்.எச்.கிங் 1909இல் சீனாவிலும் ஜப்பானிலும் சுற்றிவிட்டு எழுதிய நூலில், ஷாங்காய் நகரின் மலக்கழிவை அள்ளிக்கொள்ளும் உரிமைக்காக ஒரு குத்தகைதாரர் 1908இல் நகராட்சிக்கு 31,000 டாலர் கொடுத்ததைப் பதிவு செய்கிறார். கழிவு ஏறத்தாழ 78,000 டன். லடாக்கில் இன்றும் வீட்டின் மேல்தளத்தில் துளை, கீழ்த்தளத்தில் மண்ணோடு கலந்த எரு. அந்த வீட்டுக்காரர்களே அதை வயலுக்குக் கொண்டுபோகிறார்கள்.

சமவெளி இந்தியாவில் நடந்தது அப்படி அல்ல. இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டு மக்கு எரு முறையை வகுத்தார். 1931இல் அது நூலாக வந்தது. நகரக் குப்பையையும் மலத்தையும் அடுக்கடுக்காகக் குழியில் புதைத்து எருவாக்கும் 'பெங்களூரு முறை'யை இந்திய அறிவியல் கழகத்தில் சி.என்.ஆச்சார்யா 1939இல் உருவாக்கினார். வேளாண் பாடநூல்களில் இவை இன்றும் இருக்கின்றன. அறிவியலாக இவற்றில் குறை சொல்ல அதிகமில்லை. ஆனால் அந்தக் குழிக்கு வந்துசேர்ந்த மலம் எடுப்புக் கக்கூஸிலிருந்து வந்தது. பின்சந்து வழியாக வந்து, வாளியில் அள்ளி, தலையில் சுமந்து, வண்டியில் கொட்டியவர்கள் தலித் பெண்களும் ஆண்களும். பாடநூலில் கரிமமும் நைட்ரஜனும் எந்த விகிதம் என்று இருக்கிறது. சுமந்தவர் பற்றி ஒரு வரி இல்லை. நகராட்சி எருக்கிடங்கின் லாபக் கணக்கு அவர்கள் உடம்பின் மேல் எழுதப்பட்டது.

அதனால் 'உலர் கழிப்பறை', 'மலத்தை எருவாக்குதல்' என்று யாராவது பேசத் தொடங்கியதும் தூய்மைப் பணியாளர் இயக்கங்கள் சந்தேகத்தோடு பார்ப்பது முழுக்க நியாயம். மறுபடியும் எங்களிடமே கூடையைக் கொடுக்கப்போகிறீர்களா என்பது அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி. எகோசான்காரர்கள் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

சட்டத்திலும் இந்தச் சிக்கல் வந்தது. 1993ஆம் ஆண்டின் சட்டம் உலர் கழிப்பறைகளைக் கட்டத் தடை விதித்தது. நீரடைப்பு இல்லாத எல்லாக் கழிப்பறையும் உலர் கழிப்பறை என்பது அதன் விளக்கம். எழுத்தின்படி பார்த்தால் எகோசானும் அதற்குள் சிக்கும். 2013இல் வந்த சட்டம் அளவுகோலை மாற்றியது. மலம் முழுமையாகச் சிதைவதற்கு முன்னால் அதை மனிதர் கையால் அகற்ற வேண்டியிருந்தால் அது சுகாதாரமற்ற கழிப்பறை. அதில் ஒருவரை ஈடுபடுத்துவது குற்றம். எடுப்புக் கக்கூஸில் மலம் அன்றன்றைக்கு அள்ளப்பட்டது. எகோசான் தொட்டியில் அது முழுமையாகச் சிதைந்த பிறகுதான் கை படலாம். சட்டத்தின் பார்வையில் இரண்டையும் பிரிப்பது அந்தக் காலம் மட்டும்தான். காலம் முடியும் முன்னே தொட்டியைத் திறக்கச் சொல்லும் ஊராட்சி, எகோசான் என்ற பெயரில் எடுப்புக் கக்கூஸை நடத்துகிறது. இதில் இடைநிலை ஏதும் இல்லை.

ஓராண்டு கழித்து வெளியே வருவது கருமையான, உதிரியான, நாற்றமில்லாத பொருள். பார்த்தவர்களுக்கு அதில் அருவருப்படைய ஒன்றும் இருக்காது. ஆனாலும் மனம் அவ்வளவு எளிதில் ஒப்புவதில்லை. தூய்மை இந்தியா திட்டம் பரிந்துரைத்த இரட்டைக் குழிக் கழிப்பறையும் இதே காலக் கணக்கில் இயங்குவதுதான். அதன் குழியைத் திறப்பதில் இழிவு எதுவும் இல்லை என்று காட்ட, 2017 பிப்ரவரியில் தெலங்கானாவின் கங்காதேவிபள்ளியில் மத்தியக் குடிநீர், துப்புரவுத் துறைச் செயலாளர் பரமேஸ்வரன் ஐயரே குழிக்குள் இறங்கி எருவை அள்ளினார். அந்தக் காட்சி தேவைப்பட்டதே பிரச்சினையின் ஆழத்தைச் சொல்கிறது. வட இந்தியக் கிராமங்களை ஆராய்ந்த டயேன் காஃபியும் டீன் ஸ்பியர்ஸும் அதே ஆண்டு வெளியிட்ட நூலில் காட்டுவது என்னவென்றால், குழி நிரம்பினால் யார் அள்ளுவது என்ற சாதிப் பயமே பலரைக் கழிப்பறையைப் பயன்படுத்தவிடாமல் தடுக்கிறது. கட்டுகிறவர்களும் ஆயுசுக்கும் நிரம்பாத பெரிய குழியைக் கேட்கிறார்கள்.

அந்தப் பெரிய குழிதான் செப்டிக் டேங்க் என்ற பெயரில் நம் வீட்டு முற்றத்துக்கு அடியில் இருக்கிறது. கேள்வி தீர்ந்துவிட்டது என்று நினைத்து மேலே ஓடு பதித்துவிடுகிறோம். சில ஆண்டுகளில் அது நிரம்பும், அடைக்கும். மூடியைத் திறந்து இறங்குபவர் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவில் மூச்சுத் திணறிச் சாகிறார். அவரைத் தூக்க இறங்கியவரும் சாகிறார். தமிழ்நாட்டில் இந்தச் செய்தி வராத ஆண்டே இல்லை. இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்த வேண்டியிருந்தது. எகோசானையும் செப்டிக் டேங்கையும் எடைபோட வேண்டிய இடம் இது. ஓராண்டு காற்றோட்டத்தோடு உலர்ந்த தொட்டி யாரையும் கொல்வதில்லை. மனித விரோதம் எதில் அதிகம் என்று கேட்டால், ஈரமான, மூடிய, விஷவாயு நிறைந்த செப்டிக் டேங்கைத்தான் நான் சொல்வேன்.

எங்கே தோற்றது, எங்கே நின்றது

இது எங்கும் வென்றது என்று எழுதினால் பொய்யாகும். உள் மங்கோலியாவின் ஓர்டோஸ் நகரில் ஸ்வீடன் உதவியோடு 2003இல் தொடங்கிய திட்டத்தில், அடுக்குமாடிக் குடியிருப்பின் 800க்கும் மேற்பட்ட வீடுகளுக்கு உலர் கழிப்பறை வைத்தார்கள். மரத்தூள் தூவி, நீண்ட குழாய் வழியாக அடித்தளத்துக்கு இறக்கும் ஏற்பாடு. காற்றுக் குழாய்கள் சரியாக இழுக்கவில்லை, நாற்றம் வீட்டுக்குள் வந்தது, பராமரிப்பு தடுமாறியது. நிலக்கரிப் பணத்தில் வளர்ந்துகொண்டிருந்த ஊரில் மக்கள் அதைச் சகித்துக்கொள்ளவில்லை. 2009இல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தண்ணீர்க் கழிப்பறை போட்டார்கள்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கதை வேறு மாதிரி. 2000இல் குவாசுலு-நட்டாலில் காலரா பரவி லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். அதன் பிறகு அந்த மாநகராட்சி புறநகர்க் கிராமங்களில் ஏறத்தாழ 80,000 உலர் கழிப்பறைகளைக் கட்டியது. உலகிலேயே இவ்வளவு பெரிய எகோசான் முயற்சி ஒரு நகராட்சியில் நடந்தது அபூர்வம். தொட்டியை வீட்டார் தாமே காலி செய்து தோட்டத்தில் புதைக்க வேண்டும் என்பது விதி. மக்களுக்கு அது பிடிக்கவில்லை. நகரத்து வெள்ளையருக்கு ஃபிளஷ், எங்களுக்கு வாளியா என்பது நிறவெறி ஆட்சியை அனுபவித்த மக்களின் இயல்பான மனக்குறை. காலி செய்யும் வேலையைக் கடைசியில் மாநகராட்சியே ஏற்க வேண்டிவந்தது. ஏழைக்கு மட்டும் கட்டப்படும் எந்தக் கழிப்பறையும் இழிவின் அடையாளமாகப் பார்க்கப்படும். முசிறியும் காமேஸ்வரமும் கற்க வேண்டிய பாடம் இது. ஊராட்சித் தலைவர் வீட்டிலும் பள்ளி ஆசிரியர் வீட்டிலும் அது இருக்க வேண்டும்.

ஹைட்டியில் 2006இல் தொடங்கிய 'சாயில்' என்ற அமைப்பு நடத்திவரும் முறையில் எனக்கு மதிப்பு அதிகம். வேலையை மறைக்காமல் வெளிப்படையாகப் பேசி, கூலி கொடுத்துச் செய்கிறார்கள். சாக்கடை வசதி இல்லாத நகரக் குடிசைப் பகுதிகளில் வீட்டுக்கு ஒரு சிறு கழிப்பறை. அடியில் மூடி போட்ட வாளி. மேலே தூவக் கரும்புச் சக்கைத் தூள் போன்றவை. குடும்பம் மாதச் சந்தா கட்டுகிறது. சம்பளமும் கையுறையும் காலணியும் உள்ள பணியாளர்கள் வாரந்தோறும் மூடிய வாளியை எடுத்துக்கொண்டு காலி வாளியை வைத்துப் போகிறார்கள். ஒருவர் வாளியைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே நடுவில் இல்லை. தனி இடத்தில் பெரிய குவியலாகப் போட்டுச் சூடேற்றி மக்கவைத்து, கிருமி உண்டா என்று சோதித்த பிறகே எரு விற்பனைக்குப் போகிறது. 2010 அக்டோபரில் ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்து காலரா வெடித்து, ஏறத்தாழ 10,000 பேரைப் பலிகொண்ட நாடு அது. மலத்தைத் தண்ணீரோடு சேரவிடாமல் வைப்பது அங்கே உயிர்ப் பிரச்சினை. ஆனால் இதற்கும் சந்தாவும் எரு விற்ற பணமும் போதவில்லை, நன்கொடையும் பொதுப்பணமும் தேவைப்படுகின்றன. ஃபிளஷ் கழிப்பறையும் பாதாளச் சாக்கடையும் லாபத்தில் நடக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை; இதிலும் கேட்கக் கூடாது.

தமிழ்நாட்டில் இதற்குரிய இடம் எது? எல்லா வீட்டிலும் எகோசான் என்று கிளம்புவது வீண். ஊற்று மேலே நிற்கும் காவிரிப் படுகையின் தாழ்ந்த பகுதிகள், கடலோர மணல் ஊர்கள், குழி வெட்ட முடியாத பாறை நிலங்கள் ஆகியவற்றில் இது மற்ற எதையும்விடப் பொருத்தமானது. செப்டிக் டேங்க் ஏற்கெனவே பரவிவிட்ட பேரூராட்சிகளுக்கு, கருங்குழியில் 2017இல் தொடங்கியது போன்ற மலக்கசடு சுத்திகரிப்பு நிலையமே சரியான வழி. லாரி கொண்டுவரும் கசட்டை உலர்த்திப் பக்குவப்படுத்தினால் அதுவும் எருதான். லாரியிலிருந்து நேரே வயலில் கொட்டுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்கக் கூடாது. சிறுநீரைத் தனியாகச் சேர்ப்பதற்கோ மலத்தைத் தொடவே தேவையில்லை. விடுதிகள், பள்ளிகள், பேருந்து நிலையங்களின் சிறுநீர்க் கழிப்பிடத்தில் தண்ணீர் விடாத பீங்கானும் மூடிய தொட்டியும் வைத்தால் போதும். பக்கத்திலேயே தென்னந்தோப்போ வாழைத் தோட்டமோ இருக்க வேண்டும். ஒருவரின் ஓராண்டுச் சிறுநீர் 450 லிட்டரைச் சுமந்து 2.3 கிலோ நைட்ரஜனைக் கொண்டுபோகும் வேலையில் வண்டிக்கூலியே எருவைத் தின்றுவிடும். சுவிட்சர்லாந்தில் சிறுநீரைச் சுண்டவைத்துத் தயாரிக்கும் 'ஆரின்' என்ற திரவ உரத்துக்கு உணவுப் பயிர்களிலும் இட 2018இல் அனுமதி கிடைத்தது. நம் வேளாண் பல்கலைக்கழகம் அதுபோன்ற ஒன்றில் இறங்கக் காரணங்கள் ஏராளம்.

எகோசான் கட்ட முன்வரும் ஊராட்சிகளிடமும் தொண்டு நிறுவனங்களிடமும் கேட்டுக்கொள்வது இதுதான். ஒவ்வொரு தொட்டியின் சுவரிலும் அது மூடப்பட்ட தேதியையும் திறக்கக்கூடிய தேதியையும் பெயிண்டால் எழுதுங்கள். வீட்டுத் தொட்டியானால் அந்த வீட்டாரே திறக்கட்டும். பொதுத் தொட்டியானால் சாதி பார்க்காமல் தேர்ந்தெடுத்த, சம்பளமும் கருவியும் உள்ள ஆட்கள் திறக்கட்டும். அவர்கள் யார், கூலி எங்கிருந்து வரும் என்பதைச் செங்கல் வாங்கும் முன்பே கிராம சபையில் தீர்மானமாக எழுதி வையுங்கள். அந்தத் தீர்மானத்தை எழுத முடியாத ஊரில் கட்டடத்தைத் தொடங்காதீர்கள்.